ஜப்பானில் தந்தையாக வாழ்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானில் குடும்பம் நடத்தும் தமிழர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தந்தையர் எழுதியவை. ஒன்று மட்டும் பாட்டி ஒருவர் எழுதியது. அவற்றுள் ஐந்துக்கு இம்முறை விடை தருகிறேன்.

கேள்வி: ஐயா, ஜப்பானிய மென்பொருள் நிறுவனமொன்றில் நான்கு ஆண்டுகளாக நிரந்தரப் பணியில் இருக்கிறேன். என் மனைவி ஜப்பானியர். இன்னும் மூன்று மாதத்தில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்க இருக்கிறது. ‘இகுகியூ’ என்னும் குழந்தை வளர்ப்பு விடுப்பு வெளிநாட்டவருக்கும் உண்டா? விடுப்பில் இருக்கும்போது வருமானத்துக்கு என்ன வழி? எங்கள் பிரிவில் எந்த ஆணும் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்ததில்லை என்பதால் மேலதிகாரியிடம் பேசத் தயக்கமாக இருக்கிறது.
— வாசகர், கவாசாகி

பதில்: இந்த விடுப்பு நாட்டைப் பார்த்துத் தரப்படுவதன்று, வேலையில் இருப்பதைப் பார்த்துத் தரப்படுவது. எனவே உங்களுக்கும் முழு உரிமை உண்டு. குழந்தை பிறந்த 8 வாரங்களுக்குள் தந்தை 4 வாரம் வரை எடுக்கக்கூடிய தனி விடுப்பு 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வழக்கமான விடுப்பையும் இரண்டு தவணையாக எடுக்க முடியும். தனி விடுப்புக்கு இரண்டு வாரம் முன்பும், வழக்கமான விடுப்புக்கு ஒரு மாதம் முன்பும் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஜப்பானிய அலுவலகத்தில் இவ்வளவு குறுகிய கெடுவில் சொல்வது உங்களுக்கே சங்கடத்தை உண்டாக்கும். இப்போதே சொல்லிவிடுங்கள்.

வருமானத்தைப் பொறுத்தவரை, விடுப்புக் காலத்தில் நிறுவனம் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. வேலைக் காப்பீட்டிலிருந்து உதவித்தொகை வரும். முதல் 180 நாட்களுக்குச் சம்பளத்தில் 67 விழுக்காடும் அதன் பிறகு 50 விழுக்காடும் கிடைக்கும். இதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. இத்தொகைக்கு வருமான வரி இல்லை. பிறந்து 8 வாரங்களுக்குள் தந்தை குறைந்தது 14 நாள் விடுப்பு எடுத்தால், 28 நாள் வரை மேலும் 13 விழுக்காடு சேர்த்துத் தரும் ஏற்பாடு 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது. ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுத் தொகைகளும் விலக்கப்படும்போது, அந்த நான்கு வாரத்துக்கு ஏறத்தாழ முழுச் சம்பளமும் கையில் கிடைத்தது போலாகிவிடும். ஆயினும் இரண்டு செய்திகளைப் பலரும் கடைசியில்தான் அறிகிறார்கள். முதல் தொகை கைக்கு வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்பது ஒன்று. உள்ளூர் வரி சென்ற ஆண்டு வருமானத்தின் மேல் போடப்படுவதால் விடுப்பிலும் அதைக் கட்டியாக வேண்டும் என்பது மற்றொன்று. ஆகவே கையிருப்பு கொஞ்சம் வைத்துக்கொண்டு விடுப்பில் செல்லுங்கள். விசா புதுப்பிக்கும் நாள் இடையில் வந்தால், பணி நீடிக்கிறது, விடுப்பில் மட்டும் இருக்கிறார் என்று காட்டும் நிறுவனச் சான்றையும் விண்ணப்பத்தோடு சேருங்கள்.

மேலதிகாரியைப் பற்றிய தயக்கம் புரிகிறது. ஆனால் குழந்தை பிறக்கப் போவதாக ஊழியர் தெரிவித்தால், விடுப்பு விவரத்தை எடுத்துச் சொல்லி அவர் விருப்பத்தைக் கேட்டறிவது 2022 ஏப்ரல் முதல் நிறுவனத்தின் கடமை. ஆண்களில் இவ்விடுப்பை எடுத்தவர்கள் 2023 நிதியாண்டில் 30.1 விழுக்காடாக இருந்து அடுத்த ஆண்டில் 40.5 ஆக உயர்ந்திருக்கிறார்கள் என்பது அரசுக் கணக்கு. எடுத்தவர்களிலும் பலர் சில வாரங்களோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். உங்கள் மேலதிகாரி மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ‘இவர் போகலாமா’ என்பதாக இருக்காது, ‘இவர் வேலையை யார் பார்ப்பது’ என்பதாகத்தான் இருக்கும். எந்தப் பணி எந்த நிலையில் இருக்கிறது, யாரிடம் எதை எப்போது ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சு பாதியிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் மனைவியிடம் கேட்டுக்கொண்டு நாட்களை முடிவு செய்யுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் ஜப்பானிலும் உண்டு. அவர் வேறு மாகாணத்திலுள்ள தாய்வீட்டில் ஒரு மாதம் தங்குவதாக இருந்தால், நீங்கள் கவாசாகியில் தனியாக உட்கார்ந்திருக்கும்படி விடுப்பைச் செலவழிப்பதில் பொருளில்லை. நீங்களும் உடன் செல்வதா, அவர் திரும்பிய பின் தொடங்குவதா என்பதை முன்பே பேசுங்கள். நாடு விட்டு நாடு வந்த நமக்கு உதவிக்கு வரப் பெரியவர்கள் அருகில் இல்லை என்பதால், என் எண்ணத்தில், அவர் வீடு திரும்பும் வாரம்தான் உங்கள் தேவை மிகுதியாக இருக்கும் வாரம்.

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்று வயது. ஹொய்குஎன் என்னும் குழந்தைக் காப்பகம் அனுப்பும் தாள்கள், நகராட்சிக் கடிதங்கள், தடுப்பூசி, மருத்துவர் எல்லாவற்றையும் ஜப்பானியரான என் மனைவியே பார்த்துக்கொள்கிறார். எனக்குக் கான்ஜி எழுத்து படிக்க வராது. அவரும் வேலைக்குப் போகிறவர், களைத்துப் போயிருக்கிறார். என் வீட்டிலேயே நான் விருந்தாளியாக இருக்கிறேனோ என்று தோன்றுகிறது.
— வாசகர், சைதாமா

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். ஜப்பானில் குழந்தை வளர்ப்பு என்பது பெருமளவு எழுத்து வேலை. காலை உடல் வெப்பத்தைத் தொடர்பேட்டில் குறிப்பது, மாற்றுடை ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுவது, வெள்ளிக்கிழமை படுக்கை விரிப்பை எடுத்து வந்து துவைத்துத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பது, எந்த நாளில் எந்தப் பையில் எதை வைக்க வேண்டும் என்று நினைவில் கொள்வது என்று ஓயாத சிறு வேலைகள் அவை. மொழி தெரிந்தவர் செய்வதே எளிது என்று ஒருமுறை விட்டுவிட்டால், அடுத்த முறையும் அவரே செய்கிறார். பிறகு தந்தைக்கு எதுவுமே தெரியாமல் போகிறது. இது உங்கள் சோம்பலால் வந்ததன்று, ஆனால் தானாகச் சரியாகக் கூடியதும் அன்று.

ஒரே ஒரு தாளிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஹொய்குஎன்னில் சேர்க்கும்போது அவசரத் தொடர்புத் தாள் ஒன்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள், குழந்தைக்கு 37.5 டிகிரி காய்ச்சல் கண்டால் எந்த வரிசையில் யாரை அழைப்பது என்பது அதில் இருக்கும். உங்கள் வீட்டுத் தாளில் முதல் பெயர் மனைவியுடையதாகத்தான் இருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது முதல் அழைப்பு உங்களுக்கு வரும்படி ஆசிரியையிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அவர் சொல்லப் போவது பெரும்பாலும் காய்ச்சல் எவ்வளவு, சாப்பிட்டானா, எத்தனை மணிக்கு வர முடியும் என்ற மூன்று செய்திகளே. அதற்கு வேண்டிய ஜப்பானிய மொழியை ஒரு வார இறுதியில் பழகிவிடலாம்.

அழைப்பு வந்தால் அலுவலகத்திலிருந்து கிளம்ப முடிய வேண்டுமே என்று கேட்பீர்கள். நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 5 நாள், இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 10 நாள் விடுப்பு உண்டு, மணிக்கணக்கிலும் எடுக்கலாம். 2025 ஏப்ரல் முதல் இது தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பு முடியும் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பள்ளி சேர்க்கை விழாவுக்கும் பயன்படுத்தலாம். சம்பளத்தோடா இல்லாமலா என்பதை நிறுவனத்தின் விதியே முடிவு செய்யும். தொடக்கப்பள்ளியில் சேரும் வயது வரை கூடுதல் நேர வேலையிலிருந்து விலக்குக் கேட்கும் உரிமையும் அதே மாதத்தில் விரிவாக்கப்பட்டது. காய்ச்சல் நீடித்தால் நோயுற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் உண்டு. பல ஊர்களில் முன்பதிவு செய்திருந்தால்தான் சேர்ப்பார்கள் என்பதால் குழந்தை நலமாக இருக்கும்போதே பதிந்து வையுங்கள்.

மற்ற வேலைகளில் ஏதேனும் ஒரு துறையை முழுதாக எடுத்துக்கொள்வது நல்லது. தடுப்பூசி என்றால் தேதி பார்ப்பது, மருத்துவமனையில் நேரம் கேட்டு வாங்குவது, வினாத்தாளைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் படித்து நிரப்புவது, தாய்–சேய் கையேட்டை எடுத்துச் செல்வது வரை எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். பாதியைச் செய்துவிட்டு மீதிக்கு மனைவியைக் கேட்டால் அவருக்குச் சுமை குறைவதில்லை. நினைவில் வைத்துக்கொள்ளும் வேலைதான் அவரைக் களைக்க வைக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டுவது பல ஜப்பானிய வீடுகளில் தந்தையின் வேலை. மாலையில் தொட்டியில் இருவரும் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் கான்ஜி தேவையில்லை.

கேள்வி: என் மகன் ஜப்பானில் அந்நாட்டுப் பெண்ணை மணந்திருக்கிறான். மருமகள் நல்ல குணம், குறையில்லை. ஆனால் அவர்கள் ஊர்க் குடும்பப் பதிவேட்டில் என் மகனுக்கு இடமே இல்லையாமே? பேத்திக்கும் அம்மாவின் குடும்பப் பெயர்தானாம். அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடும் வழக்கம் என்னாவது? அவள் இந்தியக் குடிமகள் ஆவாளா?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் மகனை யாரும் ஒதுக்கிவிடவில்லை. ‘கொசெகி’ என்னும் அந்தப் பதிவேடு ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டும் உரியது. வெளிநாட்டவரை மணந்த பெண்ணுக்குத் தனிப் பதிவேடு தொடங்கப்படும். அதில் அவருக்குரிய பகுதியில் உங்கள் மகனின் பெயரும் நாடும் திருமண நாளும் இருக்கும். பேத்திக்குரிய பகுதியில் தந்தை என்று அவர் பெயரே இருக்கும். அவருக்கெனத் தனிப் பகுதி இல்லை என்பதுதான் நீங்கள் கேள்விப்பட்டது. வசிப்போர் பதிவேடு என்ற மற்றொன்றில் 2012 ஜூலை முதல் வெளிநாட்டவரும் குடும்பத்தோடு சேர்த்தே பதியப்படுகிறார்கள். அதற்கு முன் எடுத்த சான்றிதழ்களில் ஜப்பானியத் தாயும் பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். அக்காலத்துத் தந்தையருக்குத்தான் உண்மையான மனக்குறை இருந்தது.

முதலெழுத்து முறைக்கு அங்கே இடமில்லை. திருமணமான ஆறு மாதத்துக்குள் மருமகள் விரும்பினால், நீதிமன்றம் செல்லாமலே கணவரின் குடும்பப் பெயருக்கு மாறியிருக்கலாம். ஆனால் உங்கள் மகனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது அநேகமாக அவருடைய தந்தையின் பெயர், அதாவது உங்கள் கணவரின் பெயர். அப்படி மாறியிருந்தால் மருமகளும் பேத்தியும் உங்கள் கணவரின் பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கியிருப்பார்கள். உங்களுக்கு அது மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றாலும், பள்ளியிலும் வங்கியிலும் நீண்ட தமிழ்ப் பெயரை விளக்கிக்கொண்டிருப்பது எளிதன்று என்று அவர்கள் கருதியிருந்தால் அதையும் தவறென்று சொல்ல முடியாது. பேத்தியின் சொந்தப் பெயரைத் தமிழாக வைத்திருக்கிறார்கள் என்றால் அதுவே பெரிது.

குடியுரிமையில், தாய் ஜப்பானியர் என்பதால் பேத்தி பிறப்பிலேயே ஜப்பானியர். 1985க்கு முன் தந்தை ஜப்பானியராக இருந்தால்தான் குழந்தைக்குக் குடியுரிமை கிடைத்தது. சட்டம் மாறியதால் இன்று அந்தத் தொல்லை இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இத்தகைய குழந்தைகளுக்கு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறுவதே பெரும்பாலோர் வழி. அது இருந்தால் உங்களைப் பார்க்க வர விசா தேவைப்படாது.

கேள்வி: நாலரை வயது மகளிடம் நான் தமிழில்தான் பேசுகிறேன். அவள் புரிந்துகொள்கிறாள், ஆனால் ஜப்பானிய மொழியில்தான் விடை சொல்கிறாள். விட்டுவிடலாமா?
— வாசகர், ஒசாகா

பதில்: விட வேண்டாம். ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் ஜப்பானிய மொழியில் விளையாடுகிற குழந்தைக்கு அதுவே வாய்க்கு முதலில் வரும். அவள் புரிந்துகொள்வதே நீங்கள் இதுவரை செய்ததன் பலன். ‘தமிழில் சொல்’ என்று திருத்தாதீர்கள். அவள் சொன்னதையே நீங்கள் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடருங்கள். தந்தை ஒருவர் மட்டுமே பேசும் மொழியைக் குழந்தை தந்தையின் தனி வழக்கமாக எடுத்துக்கொள்ளும். எனவே ஜப்பானியமொழி தெரியாத தாத்தா பாட்டியோடு கைப்பேசியில் அவள் பேசட்டும். நீண்ட விடுமுறை கிடைக்கும்போது ஊருக்கு அழைத்துச் சென்று அத்தை பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். வேறு வழியே இல்லாத இடத்தில்தான் குழந்தை வாய் திறக்கும். உங்கள் ஜப்பானிய மொழியை அவள் திருத்தத் தொடங்கினால் கோபப்பட வேண்டாம், அதில் அவள் பெரும்பாலும் சரியாகத்தான் இருப்பாள்.

கேள்வி: நானும் மனைவியும் தமிழர்கள், நாகோயாவில் வேலை. அடுத்த மாதம் குழந்தை பிறக்கும். குழந்தை உதவித்தொகை எங்களுக்கும் வருமா? ஓராண்டு ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டால் என்னாகும்?
— வாசகர், நாகோயா

பதில்: ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு. மூன்று வயது வரை மாதம் 15,000 யென், அதன் பிறகு உயர்நிலைப்பள்ளி வயது முடியும் வரை 10,000 யென். மூன்றாம் குழந்தையிலிருந்து 30,000 யென். 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பும் இல்லை. இருவரில் வருமானம் கூடியவர் நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் குழந்தை ஜப்பானில் வசிக்க வேண்டும் என்பது விதி. படிப்புக்காக வெளிநாடு செல்வதற்கு மட்டுமே விலக்குண்டு. ஊரில் விட்டுவைக்கும் காலத்துக்குத் தொகை கிடைக்காது. தெரிவிக்காமல் வாங்கினால் திருப்பிக் கட்ட நேரும்.

பிறந்த 14 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்து, அதே நாளில் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். 15 நாட்களைத் தாண்டினால் ஒரு மாதத் தொகையை இழக்க நேரலாம். பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்பதால் குழந்தைக்கு வசிப்பிட அனுமதி வேண்டும். குடிவரவு அலுவலகத்தில் அதைக் கேட்க 30 நாள்தான் அவகாசம். இந்தியக் கடவுச்சீட்டு அதற்குள் கைக்கு வந்திராவிட்டாலும் காத்திருக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள்.