‘செக் போட்டாச்சு’: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வாடகை வீடுகளைப் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய கட்டுரையில், “அட்வான்ஸ் பாக்கிக்கு வீட்டுக்காரருக்குச் செக் போட்டுக் கொடுத்தேன், அவருடைய வங்கியில் அது பாஸாகாமல் பவுன்ஸ் ஆகிவிட்டது” என்று ஒரு வரி வருகிறது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் எனக்கு, அந்த ஒரு வரியிலேயே இரண்டு பிழைகள் தெரிந்தன. காசோலை பாஸாவது அவருடைய வங்கியில் அன்று, உங்களுடைய வங்கியில். அடுத்த பத்தியிலேயே, கையெழுத்து ஒத்துப்போகாததால் திரும்பியது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அப்படியானால் அது ரிட்டர்ன், பவுன்ஸ் அன்று. கணக்கில் பணம் இல்லாமல் திரும்புவதைத்தான் பவுன்ஸ் என்று சொல்ல வேண்டும்.

இதை வெறும் வார்த்தைச் சண்டையாக நினைக்க வேண்டாம். வியாபாரிகள் போனில் ‘செக் போட்டாச்சு’ என்று சொல்லும்போது, எழுதி மேசையில் வைத்திருக்கிறாரா, கூரியரில் அனுப்பிவிட்டாரா, நாங்கள் கொடுத்த செக்கை வங்கியில் செலுத்திவிட்டாரா என்று நான் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. ‘முன்தேதி செக்’ என்பதற்கு ஆளுக்கு ஒரு பொருள். எழுத்தாளர்களே இவற்றைக் கலந்து எழுதினால் நாங்கள் யாரிடம் கேட்பது? இவற்றுக்கெல்லாம் சரியான தமிழ்ச் சொற்களைத் தாங்கள் பட்டியலிட்டுத் தந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

முதல் பிழையை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் மட்டும் தரப்போவதில்லை. ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் யாருக்கு என்ன செய்தார் என்பதை மறைத்துவிடுகிற சொல் எந்த மொழியில் இருந்தாலும் தொல்லைதான். ‘பாஸ்’ ஆங்கிலம், அதில் குற்றமில்லை. ‘போடு’ நல்ல தமிழ். உங்களைப் படுத்துவது அதுதான்.

காசோலை என்ற சொல்லில் இருக்கும் ஓலையைக் கவனியுங்கள். நம் வழக்கில் ஓலை என்பது எழுதி அனுப்பும் செய்தி. பெரிய இடத்திலிருந்து வந்தால் ஆணை. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்று என் வங்கிக்கு நான் எழுதும் ஆணையை அந்த இன்னாரின் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவர் அதைத் தம் வங்கியிடம் ஒப்படைக்க, அந்த வங்கி அவருக்காக என் வங்கியிடம் கொண்டுபோய் நீட்டுகிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், எழுதுபவரை டிராயர் என்றும், ஆணையைப் பெறும் வங்கியை டிராயீ என்றும், பணம் பெற வேண்டியவரை பேயீ என்றும் பிரிக்கிறது. என் வீட்டுக்காரருடைய வங்கி இந்த மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை. அது வசூலித்துத் தரும் வங்கி, அவ்வளவே. ஆணையை நிறைவேற்றுவதும் மறுப்பதும் என் வங்கியின் வேலை என்பதால் பாஸ் என்ற சொல்லும் அங்கேதான் பொருந்தும்.

நான் ஏன் தவறாக எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். திரும்பிய காசோலைக்காக வீட்டுக்காரர் கணக்கிலிருந்து கட்டணம் பிடித்தது அவருடைய வங்கி. ஏன் திரும்பியது என்று சொல்லும் மெமோவைக் கையில் கொடுத்ததும் அவருடைய கிளை. முன்பெல்லாம் தாளாவது என் வங்கிவரை பயணம் செய்தது. காசோலையின் படத்தை மட்டும் அனுப்பும் சி.டி.எஸ். முறை 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்தபின் தாள் செலுத்திய இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே எல்லாம் அங்கேயே நடப்பதுபோன்ற மயக்கம் இன்னும் கூடிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல் இந்தப் படங்கள் அவ்வப்போதே அனுப்பப்படுகின்றன. எழுதியவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஏற்றதா மறுத்ததா என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்பதை ரிசர்வ் வங்கியும் விதியாக்கியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

‘போடு’ விஷயத்தில் உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. கையெழுத்தையும் போடுகிறோம், தபாலிலும் போடுகிறோம், வங்கியிலும் போடுகிறோம். பேசுகிறவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தால் சிக்கலில்லை. தொலைபேசியில் அது தெரியாது. ‘மாற்று’ என்பதும் இப்படித்தான். ‘செக்கை மாத்திட்டேன்’ என்று சொல்பவர் கவுண்டரில் நீட்டி ரொக்கமாக வாங்கியிருக்கலாம், தம் கணக்கில் செலுத்திவிட்டு வந்திருக்கலாம். முதலாமவர் கையில் பணம் இருக்கிறது. இரண்டாமவர் கையில் வெறும் எதிர்பார்ப்பு இருக்கிறது. கணக்கில் வரவு வைத்ததாகச் செய்தி வந்திருந்தாலும், காசோலை திரும்பினால் அந்த வரவும் திரும்பிவிடும். எழுதினார், அனுப்பினார், செலுத்தினார், பணமாயிற்று என்று நான்கு வினைகள் நம்மிடம் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே ‘போடு’ போட வேண்டியதில்லை.

‘செக் கொடுத்தாச்சு, கணக்கு தீர்ந்தது’ என்று சொல்கிறவர்களை மட்டும் உடனே மடக்கிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. காசோலை தருவது நிபந்தனையோடு கூடிய பணம் தருதல். திரும்பிவிட்டால் கடன் அப்படியே நிற்கும். பணமாகிவிட்டாலோ, காசோலையைக் கொடுத்த நாளிலேயே பணம் கொடுத்ததாகக் கொள்ள வேண்டும் என்று 1954இல் ஓகலே கிளாஸ் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி பவுன்ஸ். அன்று காலை வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு, “சார், உங்க செக் பவுன்ஸாயிடுச்சு” என்றார். பால்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். மெமோவை வாங்கிப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’ என்று அச்சிட்டிருந்தது. கணக்குத் தொடங்கிய காலத்தில் என் கையெழுத்தின் கடைசி ‘ன்’ எழுத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகளில் அந்தப் புள்ளி, கீழே இழுக்கும் கோட்டோடு சேர்ந்து ஒரு வாலாகிவிட்டது. இதை நான் விளக்க விளக்க வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மாலையே பணத்தை அனுப்பிவிட்டேன். ஆனாலும் அடுத்த இரண்டு மாதங்கள், முதல் தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்து, “இந்த மாசம் கஷ்டமா இருந்தா சொல்லுங்க சார், பத்தாம் தேதிகூடத் தரலாம்” என்று மிகுந்த கனிவோடு சொல்லிவிட்டுப் போனார். மெமோவில் இருந்ததை அவர் படிக்கவில்லை. காதில் விழுந்தது பவுன்ஸ் என்ற சொல் மட்டும். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் ஒரே பொருள், கையில் காசில்லை என்பது. இவ்வளவு பட்டபின்பும் அதே சொல்லை என் கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன் என்றால் என்ன சொல்வது?

ஆகவே பணமில்லாமல் திரும்புவதையும் பிற காரணங்களால் திரும்புவதையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்ற உங்கள் கருத்தை ஏற்கிறேன். பவுன்ஸ் என்ற சொல்லே முதல் வகைக்கு மட்டும் உரியது என்பதை ஏற்க முடியவில்லை; ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் எல்லாத் திரும்புதலையும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, சட்டமோ அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் மண்டிக்குப் பயன்படும். அந்த 1881ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 138ஆவது பிரிவு, கணக்கில் போதிய பணம் இல்லாமலோ வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாட்டை மீறிய தொகையாக இருந்தோ காசோலை திரும்புவதைத்தான் குற்றமாகக் குறிப்பிடுகிறது. ஆனால் பணம் தர வேண்டாம் என்று எழுதியவரே வங்கியிடம் சொல்லித் திரும்பினாலும் அந்தப் பிரிவு பொருந்தலாம் என்று 1998இலும், கணக்கையே மூடிவிட்டதால் திரும்பினாலும் பொருந்தும் என்று 1999இலும், கையெழுத்து மாறித் திரும்புவதும் அதற்குள் வரக்கூடும் என்று 2012இலும் உச்ச நீதிமன்றம் அதை விரித்துப் பொருள் சொல்லிவிட்டது. ‘பவுன்ஸெல்லாம் இல்லைங்க, வெறும் ரிட்டர்ன்தான்’ என்று ஒருவர் உங்களிடம் இனிக்க இனிக்கச் சொன்னால் நிம்மதியாக ஃபைலை மூடிவிட வேண்டாம். மெமோவைப் பெற்ற 30 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணத்தைத் தராவிட்டால்தான் குற்றம் என்ற பேச்சே எழும். என் கதையில் பணம் அன்று மாலையே போய்விட்டது. வீட்டுக்காரரின் கனிவைத் தவிர வேறு தண்டனை எனக்குக் கிடைக்கவில்லை.

நாளிதழ்களில் வரும் ‘காசோலை மோசடி வழக்கு’ என்ற தலைப்பு இதைவிட மோசம். நடிகரோ அரசியல்வாதியோ சம்பந்தப்பட்டிருந்தால் மோசடி என்ற சொல் பெரிய எழுத்தில் வருகிறது. உள்ளே படித்தால் அது 138ஆவது பிரிவு வழக்கு. மோசடி வேறு பிரிவு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. அதில் ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததைக் காட்ட வேண்டும். காசோலை திரும்பிய வழக்கில் அந்த எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல மனத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு வியாபாரம் நொடித்துப்போனவரும் அதில் தண்டனை பெறலாம். இரண்டு ஆண்டுவரை சிறை, காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்குவரை அபராதம் என்று தண்டனை கடுமையாகவே இருக்கிறது. அதற்கு மேல் மோசடிக்காரர் என்ற பட்டத்தையும் செய்தி ஆசிரியர் சேர்த்துத் தர வேண்டியதில்லை. ‘போலீஸில் செக் கேஸ் கொடுத்திருக்கிறேன்’ என்று சொல்வதும் இதே குழப்பம்தான்: இந்த வழக்கைக் காசோலை பெற்றவர் எழுத்து மூலம் நேராக நீதித்துறை நடுவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது ‘முன்தேதி செக்’. இதில் ஆங்கிலத்தின் மேல் பழிபோட வழியே இல்லை; தமிழே நம்மை இரண்டு பக்கமும் இழுக்கிறது. ‘முன்னே போ’ என்றால் இன்னும் போகாத இடத்துக்குப் போகச் சொல்கிறோம். ‘முன்னொரு காலத்தில்’ என்றால் கழிந்துபோன காலம். அகவிலைப்படி முன்தேதியிட்டு வழங்கப்படுகிறது என்று அரசு அறிவித்தால் கழிந்த மாதத்திலிருந்து நிலுவை கிடைக்கும் என்று ஊழியர்கள் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள். வணிகவியல் பாடமும் இதன்படிதான் நடக்கிறது: எழுதும் நாளுக்கு முந்திய தேதியிட்டது முன்தேதியிட்ட காசோலை, வரப்போகும் தேதியிட்டது பின்தேதியிட்ட காசோலை. ஆனால் கடைவீதியில், மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டிய காசோலையை இன்றைக்கே, அதாவது முன்கூட்டியே, வாங்கி வைத்துக்கொள்கிறோம் இல்லையா? அந்த ‘முன்’ காசோலையின் மேல் ஒட்டிக்கொண்டு, பின்தேதி செக் முன்தேதி செக்காகிவிட்டது. பாடப்புத்தகம் சரி, கடைவீதி தவறு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டுமே தமிழின் நியாயமான பொருள்கள். கணக்குப் புத்தகத்தில் மட்டும் இரண்டு சொல்லையும் தவிர்த்துவிட்டு, ‘மார்ச் 15 தேதியிட்ட செக்’ என்று தேதியையே எழுதிவிடுங்கள்.

தேதியை எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அந்தத் தேதி வரும்வரை அது சட்டப்படி காசோலையே அன்று, குறித்த நாளில் பணம் தரச் சொல்லும் வெறும் மாற்றுச்சீட்டு என்று 1993இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ‘செக் மூணு மாசம் செல்லும்’ என்று எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டு, கைக்கு வந்த நாளிலிருந்து தவறாக எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது காசோலையில் இருக்கும் தேதியிலிருந்து. 2012 ஏப்ரல் 1க்கு முன்பு அது ஆறு மாதமாக இருந்தது. பழைய மண்டிக்காரர்கள் சிலர் இன்னும் ஆறு என்றே சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கிராஸ் பண்ணிட்டேன், வேற யாரும் எடுக்க முடியாது’ என்பார்கள். மூலையில் இழுத்த இரண்டு கோடுகள் சொல்வதெல்லாம், கவுண்டரில் ரொக்கமாகத் தராதே, ஒரு வங்கி வழியாகத் தா என்பதுதான். யாருடைய கணக்கில் என்பதை அந்தக் கோடுகள் சொல்லவில்லை. ‘ஆர் பேரர்’, அதாவது ‘அல்லது கொண்டுவருபவருக்கு’, என்று அச்சிட்டதை அடிக்காமல் விட்டிருந்தால் வழியில் கண்டெடுத்தவரும் தம் கணக்கில் செலுத்திப் பார்க்கலாம். கோடுகளுக்கிடையே ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதினால்தான் பெயருக்குரியவரின் கணக்குக்கு மட்டும் போகும். அந்தச் சொற்றொடர் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் கோடிடுதல் பிரிவுகளில் இல்லை. வங்கிகளின் வழக்கத்தில் பிறந்து, ரிசர்வ் வங்கியின் உத்தரவால் வலுப்பெற்றது. ஆக, வழக்கில் பிறந்த சொல் எல்லாமே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். இப்போது அது, “அட்வான்ஸ் பாக்கிக்கு வீட்டுக்காரருக்குச் செக் எழுதிக் கொடுத்தேன், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று என் வங்கி அதைத் திருப்பிவிட்டது” என்று இருக்கிறது. என் கிளையில் புதிய மாதிரிக் கையெழுத்தையும் சென்ற வாரம் கொடுத்துவிட்டு வந்தேன், இந்த முறை வாலோடு.

அன்புடன்.