வாசகர் கேள்வி–பதில்: டிட்ஜெரிடூ

கேள்வி: சூழலில் கரைந்து மெல்ல நகரும் ஆம்பியன்ட் இசைத் தொகுப்புகளில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழலான டிட்ஜெரிடூ அடிக்கடி ஒலிக்கிறது. ஒரே சுருதியில் முழங்குவதைத் தவிர வேறெதுவும் அந்தக் கருவியால் முடியாதா?

பதில்: முடியும், பல தொகுப்புகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லேண்டில் வாழும் யோல்ங்கு மக்கள் யிடாக்கி என்றழைக்கும் இக்கருவி, அங்கே பாடகரின் குரலோடும் பில்மா எனும் தாளக்கட்டைகளோடும் இணைந்தே ஒலிக்கிறது. அந்த வாசிப்பைக் கேட்பவருக்கு இதைச் சுருதிக் கருவி என்பதைவிடத் தாளக் கருவி என்றே சொல்லத் தோன்றும்.

கரையான் உள்ளே அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் தண்டில் உதடுகளை அதிரவிட்டு ஊதும்போது அடிச்சுருதி பிறக்கிறது. கன்னங்களில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுப்பதால் அது அறுபடாமல் நீள்கிறது. மூச்சிழுக்கும் கணத்தில் ஒலியில் ஏற்படும் துடிப்பையே தேர்ந்த கலைஞர் தாளமாக்கிக்கொள்கிறார். நாக்கு அசைய அசைய வாயறையின் வடிவம் மாறி, அடிச்சுருதியோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல்சுரங்களில் சில ஓங்குகின்றன, சில அடங்குகின்றன. ஆஸ்திரேலிய இயற்பியலாளர்கள் 2005இல் இதை அளந்தே காட்டினார்கள். ஊதும்போதே குரலையும் எழுப்பினால் இரண்டு அதிர்வுகளும் கலந்து உறுமலாகின்றன. உதட்டை இறுக்கி ஊதினால் எக்காளம்போல ஒரு மேல்சுரம் வெடித்துக் கிளம்பும். யோல்ங்கு வாசிப்பின் உயிர்நாடிகளில் ஒன்றான இதை ஆம்பியன்ட் பதிவுகளில் அரிதாகவே கேட்கலாம்.

ஆம்பியன்ட் கலைஞர்கள் எல்லோரையும் குறைசொல்வதற்கில்லை. அமெரிக்க ஆம்பியன்ட் கலைஞர் ஸ்டீவ் ரோச் 1988இல் வெளியிட்ட ‘ட்ரீம்டைம் ரிட்டர்ன்’ தொகுப்பில் டேவிட் ஹட்சனின் டிட்ஜெரிடூ சின்தசைசர் அடுக்குகளுக்குள் அமிழ்ந்துபோகவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஃபோர்ட் வோர்டனிலுள்ள காலியான நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் இறங்கிப் பதிவு செய்த இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸின் குழுவில், ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர் டிரோம்போனோடு டிட்ஜெரிடூவும் ஊதினார். எழுப்பிய ஒலி அடங்கச் சுமார் 45 விநாடிகள் பிடிக்கும் அந்த இடத்தில், ஊதுபவர் தம் முந்தைய மூச்சின் எதிரொலிக்கு இசைந்தே அடுத்த மூச்சை விட வேண்டும். என் கணிப்பில் இக்கருவிக்கு ஆம்பியன்ட் இசை செய்த பெரிய நன்மை இதுவே.

கேள்வி: கருவியே இல்லாமல், முன்பே பதிவு செய்த ஒலித்துணுக்கை (சாம்பிள்) கணினியில் ஓடவிட்டோ மின்னணு ஒலியைக் கொண்டோ அதே விளைவைப் பெற முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். மின்னணு இசைக் கலைஞர் அபெக்ஸ் ட்வின் 1992இல் வெளியிட்ட, இக்கருவியின் பெயரையே தாங்கிய நடன இசைத்துண்டில் டிட்ஜெரிடூவே கிடையாது. முழுக்க மின்னணு ஒலிதான். ஆனால் ஒரு சிறு பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மூச்சின் ஏற்ற இறக்கம் ஒரே அச்சில் உறைந்துவிடும், காது அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், யோல்ங்கு கலைஞர்கள் இடம்பெற்ற யோத்து யிண்டி குழு 1991இல் வெளியிட்ட ‘ட்ரீட்டி’ பாடலில் யிடாக்கி வரும் இடங்களை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.