லெவல் 2 வைத்திருக்கும் அருவங்காட்டுத் தம்பிக்கு

கோயம்புத்தூரில் பாய்லர் வெல்டிங் சோதிக்கிறேன், என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் விரிசல் தேடும் சோதனை) லெவல் 2 சான்று இருக்கிறது, இங்கிலாந்தில் விமான லேண்டிங் கியரை (தரையிறங்கும் சக்கரக் கால்) பிரித்துச் சீராக்கும் ஓவர்ஹால் ஷாப்பில் வேலை கிடைத்திருக்கிறது, போனதும் சோதனை முடிவில் தனியாகக் கையெழுத்துப் போட விடுவார்களா, குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோத்தகிரிக்காரன்தான், இங்கே இதே வேலை.

விட மாட்டார்கள் தம்பி. விமானத் துறைக்கு இஎன் 4179, என்ஏஎஸ் 410 என்று தனி விதிகள். அதன்படி சான்று கொடுப்பது வேலை தரும் கம்பெனி. கம்பெனி மாறினால் சான்று அங்கேயே நின்றுவிடும். கூட வருவது பயிற்சிப் பதிவும், எந்த முறையில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்ற கணக்கும்தான். கிளம்புமுன் அதை முறைவாரியாக எழுதி, உங்கள் லெவல் 3-யிடம் (உங்களுக்கு மேல்நிலைச் சான்று வைத்திருப்பவர்) கையெழுத்து வாங்கிவிடுங்கள். வந்தபிறகு மெயில் போட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள்.

லேண்டிங் கியரின் பெரிய உருளைகள் பெரும்பாலும் 300எம் மாதிரி உயர்பலம் கொண்ட எஃகு. அதில் நூலிழை விரிசல்கூட ஆபத்து. குரோம், காட்மியம் பூச்சை உரித்து, காந்தமாக்கி, ஒளிரும் துகள் கலந்த எண்ணெயை ஊற்றி, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்ப்போம். விரிசல் பச்சைக் கோடாக எழும். காந்தப் புலத்தின் திசையிலேயே ஓடும் விரிசல் சிக்காது, அதனால் குறுக்காகவும் காந்தமாக்க வேண்டும். துளை விளிம்பிலும் விட்டம் மாறும் வளைவிலும் நிதானமாகப் பாருங்கள். துணி நூல் ஒட்டியிருந்தாலும் கோடு மாதிரிதான் மின்னும், ஆனால் நீலமாக. சந்தேகம் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கோடு அதே இடத்தில் திரும்ப வந்தால் விடக்கூடாது. அந்தக் கியரை அடுத்து இப்படி முழுசாகப் பிரிக்கச் சுமார் 10 ஆண்டு ஆகும்.

இங்கே மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் பையன்கள் ‘சார்’ என்று குழைந்தே பழகி, பீஸை ரிஜெக்ட் செய்யும்போதும் குரல் இறங்கிவிடுகிறது. அதை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

குளிரா? ஜனவரியில் உறைபனி பார்த்து வளர்ந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. இருட்டுதான் படுத்தும். டிசம்பரில் நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், பகலெல்லாம் நமக்கு இருட்டறை. சாப்பாட்டு வேளையில் கட்டாயம் வெளியே நடந்துவிடுங்கள்.

அப்புறம், வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி போடுபவரா? புற ஊதா விளக்கிலும் அது கறுக்கும், அதைப் போட்டுக்கொண்டு சோதிக்க அனுமதி இல்லை. குன்னூரிலேயே கண்ணைச் சோதித்து, சாதாரணக் கண்ணாடி இரண்டு ஜோடி வாங்கி வாருங்கள்.