நகையை அடகு வைக்கும் முன் பாலிடெக்னிக் பக்கம் போய் வாருங்கள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்க நெருங்க வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதி, மகளை அடுத்து என்ன படிக்கவைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருப்புதல் தேர்வில் மகள் 500-க்கு 372 எடுத்திருக்கிறாள். அது நல்ல மதிப்பெண்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தபிறகு ஆறுதல் சொல்லும் எண்ணமே போய்விட்டது. தேர்வு முடிந்த கையோடு அவளை ஓர் உறைவிடப் பள்ளியில் பயாலஜி குரூப்பில் சேர்க்க வேண்டும், கூடவே நீட் பயிற்சி, செலவுக்கு மனைவியின் நகை அடகு. யோசனை உங்கள் மைத்துனருடையது. அதே பக்கத்தில், "பயாலஜி என்றாலே ஓடுகிறாள், மிக்ஸி கெட்டுப்போனால் மட்டும் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்" என்று குறைபட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலே அந்த வரியில்தான் இருக்கிறது.

பிடிக்காத பாடத்தை இரண்டு வருடம், விடுதியில் அடைத்து, கடன் வாங்கிப் படிக்கவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீட் எழுதப்போவது மைத்துனர் இல்லை. வட்டி கட்டப்போவதும் அவர் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் நல்லது என்ற பேச்சுக்கு நான் வரவே போவதில்லை. அதைச் சொல்லத் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு முடித்ததுமே பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேரலாம் என்பது உங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், மொத்தம் ஆறு. டிப்ளமோ மூன்று வருடம். அதை முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வதால் அங்கே மூன்று வருடம். இதுவும் ஆறுதான். ஒரு வருடம்கூட வீணாகவில்லை. இந்த வழியில் பாதி தூரத்திலேயே கையில் ஒரு தகுதிச் சான்றிதழ் இருக்கும். வீட்டு நிலைமை சரியில்லை என்றால் வேலைக்குப் போகலாம், முடிந்தால் படிப்பைத் தொடரலாம். ரயில்வேயிலும் மத்திய அரசுத் துறைகளிலும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுகளை டிப்ளமோ வைத்தே எழுதலாம். அப்ரன்டிஸ் பயிற்சியில் சேர்ந்தால் மாத உதவித்தொகையோடு தொழிற்சாலை அனுபவமும் கிடைக்கும்.

உங்கள் மகளுக்கு இது ஏன் பொருந்தும் என்கிறேன் என்றால், அங்கே பாதிப் படிப்பு பட்டறையிலும் ஆய்வகத்திலும்தான். ஃபிட்டிங் பட்டறையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவிச் சொன்ன அளவுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்து பார்த்தால் தப்பு உடனே தெரிந்துவிடும். அப்புறம் லேத் என்கிற கடைசல் இயந்திரம், வெல்டிங், வயரிங், இயந்திர வரைபடம். மிக்ஸியைக் கழற்றுகிற பெண்ணுக்கு மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் மூன்றுமே பார்க்க வேண்டிய பிரிவுகள். பிளாஸ்டிக் அச்சு செய்யும் தொழில் பிடித்தால், சென்னை கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசின் சிப்பெட் (CIPET) இருக்கிறது. 1968-ல் தொடங்கிய நிறுவனம். அங்கும் பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ உண்டு. ஆனால் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் அரசு பாலிடெக்னிக்கைவிடக் கூடுதல்.

"அது பையன்கள் படிப்பு" என்று யாராவது ஆரம்பித்தால், சென்னை, கோவை, மதுரையில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக்குகள் இருப்பதைச் சொல்லுங்கள். அரசு பாலிடெக்னிக்கின் வருடக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ போனால் மருத்துவம் கிடையாது, நீட் எழுத உயிரியலோடு பிளஸ் டூ வேண்டும். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் ஆண்டு கணிதத்தில் அரியர் வைப்பவர்கள் நிறையப் பேர். லேட்டரல் என்ட்ரியில் நல்ல கல்லூரி கிடைப்பது டிப்ளமோ மதிப்பெண்ணைப் பொறுத்தது. அதனால் "பாலிடெக்னிக்தானே" என்று மெத்தனமாக இருக்கவே கூடாது.

இப்போதைக்குத் தேர்வைப் பார்ப்போம். இந்த வாரங்களில் அவளிடம் மேற்படிப்புப் பேச்சே வேண்டாம், உறவினர்களின் போனையும் நீங்களே எடுங்கள். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது, அவள் கை அதில் ஏமாற்றாது. கணிதத்தில் வரைபடமும் வடிவியல் வரைதலும் தினமும் ஒன்று போடட்டும்.

தேர்வு முடிந்ததும் பக்கத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக்குக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லாப் பிரிவும் எல்லா இடத்திலும் இருக்காது என்பதால் அங்கே என்னென்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்த வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.