ஒரு நாள் முதலுதவிப் பயிற்சியை நம்பி, அடிபட்டவர் மேல் கை வைக்கலாமா?

உங்கள் பணியிடத்தில் முதலுதவிப் பயிற்சிக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள் என்றும், மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத ஒருவர் ஒரே ஒரு நாள் வகுப்பை நம்பி அடிபட்டவர் மேல் கை வைக்கலாமா, வைத்த பிறகு ஏதாவது தவறாகிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கை வைக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த வகுப்பில் நீங்கள் எதிர்பார்ப்பது ஒன்றாகவும், கிடைப்பது வேறொன்றாகவும் இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இரும்புத் தகடுகளை வெட்டி வளைக்கும் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளனாக வேலை செய்கிறேன். முதலுதவிப் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இதுவரை மூன்று முறை பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறேன். அந்தப் பொறுப்பு வருவதற்கு முன்பு நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிற்பகல், அடுக்கிலிருந்து தகடு ஒன்றை உருவியபோது அதன் விளிம்பு நழுவி, உடன் வேலை செய்தவரின் முன்கையை முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. அங்கே ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் தண்ணீர் கொண்டு வர ஓடினார், ஒருவர் நாற்காலி தேடினார், இருவர் திகைத்துப் போய் நின்றார்கள். நான் கைக்கு அகப்பட்ட, எந்திரம் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டை வைத்துக் காயத்தை அழுத்தினேன். அழுத்தியது சரிதான், ஆனால் ரத்தம் நின்றுவிட்டதா என்று அறிய அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கும்போதெல்லாம் ரத்தம் மறுபடியும் பொங்கியது. பொங்கப் பொங்க எனக்குப் பதற்றம் கூடியது. பதற்றம் கூடக் கூட இன்னும் அடிக்கடி தூக்கிப் பார்த்தேன். முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி வேறொரு ஷிப்டில் இருந்தவரிடம் இருந்தது. பூட்டை உடைத்துத் திறந்தபோது, காலாவதியான களிம்பு ஒன்றும் பசை காய்ந்துபோன பிளாஸ்திரிச் சுருள் ஒன்றும் தலைவலி மாத்திரைகளும்தான் உள்ளே இருந்தன. அவர் நிறையத் தையல்களோடு தப்பித்துக்கொண்டார். அதில் என் பங்கு மிகக் குறைவு.

சில மாதங்கள் கழித்துப் பயிற்சிக்குப் போனேன். காயத்தை அழுத்துவது பற்றிய பகுதி வந்தபோது, பயிற்றுநர் சொன்னது இரண்டே விஷயங்கள்: சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள், அழுத்தியபடியே கடிகாரத்தைப் பாருங்கள், 10 நிமிடம் முடியும் வரை தூக்கிப் பார்க்காதீர்கள். காயத்தின் வாயில் ரத்தம் உறைந்து அடைப்பு உண்டாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த அடைப்புதான் உடல் தானாகப் போட்டுக்கொள்ளும் கட்டு. ஒவ்வொரு முறை தூக்கிப் பார்க்கும்போதும் அதைத்தான் நாம் பிய்த்து எடுக்கிறோம். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து மேலும் அழுத்த வேண்டும். அதற்கும் அடங்காமல் கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால்தான், ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்குப்பட்டை. அதையும் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது வராதபடி கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, அவிழ்க்கும் வேலையை மருத்துவமனைக்கு விட்டுவிட வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பிற்பகல்தான் என் கண்முன் ஓடியது. காயத்தை அழுத்துவதில் நான் செய்யத் தவறியது எதுவுமில்லை, செய்யக் கூடாததைச் செய்திருந்தேன்.

ஒரு நாள் பயிற்சியின் பெரும்பகுதி இப்படிக் கையைக் கட்டுப்படுத்தும் பாடம்தான் என்பது என் அனுபவம். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கத்தான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கம்பியே ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதை அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் துணியை அண்டக் கொடுத்து அனுப்ப வேண்டும். தீக்காயத்தின் மேல் எதையாவது பூசத் தோன்றும், ஐஸ் வைக்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம், ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டால் போதும். 20 நிமிடம் என்பது சொல்லும்போது சிறிதாக இருக்கும், குழாயடியில் நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அந்தப் பையைத்தான் ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கைகால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது; தலை மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கணக்கிட வேண்டும், 5 நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. உயரத்திலிருந்து விழுந்தவரை, தீயோ இடிபாடோ போன்ற உடனடி ஆபத்து இல்லாத வரையில், தூக்கி உட்கார வைக்கக் கூடாது. இவற்றில் எதற்குமே மருத்துவ அறிவு தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். உதவ வேண்டும் என்று துடிக்கும் கை எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

மருத்துவம் படிக்காதவர் என்று உங்களைப் பற்றி நீங்களே குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை, அதாவது இன்று சிபிஆர் என்று நாம் சொல்வதன் அடிப்படையை, 1960-இல் ஒரு கட்டுரையின் மூலம் உலகுக்கு அறிவித்த மூவரில் முதல் பெயருக்கு உரியவரான வில்லியம் கூவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த அந்த ஆய்வுகளின் வேர், மின்கம்பிகளில் வேலை செய்தவர்கள் அதிர்ச்சி தாக்கிச் சாவதைத் தடுக்க வழி தேடியதில் இருக்கிறது. அதாவது பணியிட விபத்தில் இருக்கிறது. இதயத் துடிப்பைச் சீராக்கும் மின்னதிர்ச்சிக் கருவியின் தகடுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்தியபோதே, அந்த அழுத்தத்தால் மட்டும் ரத்த அழுத்தம் உயர்வதைக் கவனித்தவர் மூவரில் இன்னொருவரான நிக்கர்பாக்கர். அவரும் பொறியியல் மாணவர்தான். மூவரில் ஜேம்ஸ் ஜூட் ஒருவரே அறுவை மருத்துவர். இந்த முறையை யாரும் எங்கும் தொடங்கலாம், அதற்கு வேண்டியவை இரண்டு கைகள் மட்டுமே என்று அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் எழுதினார்கள்.

அந்த இரண்டு கைகளுக்கும் எவ்வளவு வேலை என்பதைப் பயிற்சிப் பொம்மையின் மேல் செய்து பார்த்தால்தான் அறிய முடியும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலெழும்ப விட வேண்டும், 30 அழுத்தத்துக்கு வாயோடு வாய் வைத்து 2 ஊதல். ஊதத் தயக்கமாக இருந்தால் அழுத்துவதை மட்டுமாவது நிறுத்தக் கூடாது. படிக்கும்போது எளிமையாகத் தெரியும் இந்தக் கணக்கு, முழங்கால் தரையில் பதிய, முழங்கை மடங்காமல், உடல் எடை முழுவதையும் இறக்கிச் செய்யும்போது ஒரே நிமிடத்தில் மூச்சு வாங்க வைத்துவிடும். இரண்டாவது நிமிடத்தில் என் அழுத்தம் ஆழம் குறைந்துகொண்டே போனதைப் பொம்மையின் விளக்கு காட்டிக் கொடுத்தது. ஆழமாகத்தான் செய்கிறேன் என்று சத்தியம் செய்யவும் நான் தயாராக இருந்தேன். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வது அதனால்தான். அங்கே காதால் கேட்டுப் பழகிய இன்னொன்று, இதயம் நின்றவர் சில நிமிடங்கள் வரை விட்டு விட்டு எழுப்பும் குறட்டை போன்ற திணறல் ஒலி. கூடி நிற்பவர்கள் அதைக் கேட்டு "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று நிம்மதி அடைவார்கள். அது மூச்சு அன்று. அசைவில்லை, கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டியதுதான்.

தவறாகிவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. சிபிஆர் செய்யும்போது விலா எலும்பு முறியக்கூடும், முறியும் சத்தமும் கேட்கக்கூடும். ஆனால் நின்றுபோன இதயத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைவிட அவருக்குப் பெரிய தீங்கு எதையும் உங்களால் செய்துவிட முடியாது. மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், சிபிஆரும் செய்யாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. உங்கள் பணியிடத்தில் ஏஇடி கருவி, அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி இருந்தால், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். திறந்து இயக்கினால் அதுவே குரலில் வழிகாட்டும், இதயத் துடிப்பை ஆராய்ந்து பார்த்துத் தேவையில்லை என்றால் அதிர்ச்சி கொடுக்க மறுத்தும் விடும். அது எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்பது உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

அந்த முதல் விபத்தில் எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட ஆம்புலன்ஸை அழைக்கவில்லை என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இன்னொருவர் அழைத்திருப்பார் என்று ஐந்து பேருமே நினைத்திருக்கிறோம். ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரின் பொறுப்புணர்வும் கரைந்துபோகும் இந்த இயல்பை ஜான் டார்லி, பிப் லடானே என்ற உளவியலாளர்கள் 1968-இலேயே சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். எனவே "யாராவது கூப்பிடுங்க" என்று கத்துவது வீண். ஒருவரின் கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லி, "நீங்க ஆம்புலன்ஸுக்குப் பேசுங்க, பேசிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். வாசலில் நின்று வண்டிக்கு வழிகாட்ட ஒருவர், லிஃப்டைப் பிடித்து வைக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தால், கூட்டமும் கலையும், சும்மா நிற்பவர்களின் பதற்றமும் அடங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டியது உங்கள் சொந்தப் பாதுகாப்பு. மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தொட்டியிலோ குழியிலோ மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்ற மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கியவர்கள் அடுத்தடுத்து அதே இடத்தில் விழுந்து இறப்பது உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது. அங்கே வெளியே நின்று மீட்புப் படையை அழைப்பவரே உண்மையில் உதவுகிறவர்.

இனி, நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டின் 155-ஆம் உடன்படிக்கை, விபத்துகளையும் அவசர நிலைகளையும் எதிர்கொள்ளும் ஏற்பாடுகளை, போதிய முதலுதவி வசதியோடு, செய்து வைப்பதை வேலை கொடுப்பவரின் கடமையாகவே சொல்கிறது. ஆகவே இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலில் ஒருவரைச் சேர்த்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் இடங்கள் உண்டு; நான் இருந்த இடமும் சில காலம் அப்படித்தான் இருந்தது. சான்றிதழ் இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகலாம், கையின் பழக்கமோ 3 முதல் 6 மாதங்களிலேயே தேயத் தொடங்கிவிடும். எனவே ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது இருவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் விடுப்பு எடுக்கும் நாளில்தான் விபத்து நடக்கும், அல்லது அடிபடுபவரே அவராக இருப்பார். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பொம்மையை அழுத்திப் பார்க்க நேரம் கேளுங்கள். பெட்டியைப் பூட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே கையுறை, கிருமி நீக்கிய காயத் துணிகள், சுருள் கட்டுகள், முக்கோணத் துணி, கத்தரிக்கோல் ஆகியவை இருந்தால் போதும். மாத்திரைகளை எடுத்துவிடலாம், அவை முதலுதவி ஆகமாட்டா.

போன ஆண்டு, வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஓர் இளைஞரின் உள்ளங்கை கிழிந்தது. காயம் பழைய விபத்தின் அளவுக்கு இல்லை, ரத்தம் ஏறத்தாழ அதே அளவுக்கு இருந்தது. பெயர் சொல்லி ஒருவரை ஆம்புலன்ஸுக்குப் பேசச் சொன்னேன். கையுறை மாட்டிக்கொண்டு, என்ன செய்யப் போகிறேன் என்பதை அவரிடம் சொல்லி, படுக்க வைத்து, கையை நெஞ்சுக்கு மேலாகப் பிடித்து, துணியை வைத்து அழுத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். தூக்கிப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பழைய அரிப்பு அப்போதும் எனக்கு இருந்தது. அவரும் அதையேதான் கேட்டார்.

"நின்னுடுச்சாண்ணே? கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன்."

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு தம்பி. நீயும் அந்தக் கடிகாரத்தையே பாரு."