ஸ்கேனில் தெரியாத தலைக்காயத்துக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 34, எலக்ட்ரீஷியன். மூன்று மாதம் முன்பு பைக்கில் போகும்போது பின்னால் வந்த கார் இடித்துத் தலையில் அடிபட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனால் மனிதர் பழையபடி இல்லை. மறதி, எரிச்சல், வாசனையும் தெரிவதில்லை. லோக் அதாலத்தில் (சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) 2 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறது காரின் இன்ஷூரன்ஸ் தரப்பு. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். லோக் அதாலத்தில் கையெழுத்தாகிவிட்டால் அப்பீல் கிடையாது. ஆறு மாதம் கழித்து அவருக்கு வலிப்பு வந்தாலும் அந்தக் கணக்கைத் திறக்க முடியாது.

ஸ்கேன் நார்மல் என்றால் மூளை நார்மல் என்று பொருளல்ல. சி.டி. முக்கியமாக ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். வேகமாகக் குலுங்கும்போது மூளையின் நுண்ணிழைகள் இழுபட்டு அறுவது அதில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில், அதிலும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படத்தில், தெரிய வாய்ப்பு அதிகம். வாசனை போனதை லேசாக எடுக்காதீர்கள். மோப்ப நரம்பு மண்டையோட்டின் அடியிலுள்ள சல்லடை எலும்பு வழியாக வருவது. மூளை வேகமாக அசைந்தால் அங்கேயே அறுந்துவிடலாம். அதன் பக்கத்தில்தான் கோபத்தையும் திட்டமிடலையும் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருக்கிறது. டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுத வையுங்கள். சீட்டில் இல்லாத அறிகுறி கோர்ட்டில் இல்லாததுதான்.

முதலில் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் வாங்குங்கள். சேர்த்தபோது ஜி.சி.எஸ். (நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதற்கான மதிப்பெண்) எவ்வளவு என்று பாருங்கள்: 13 முதல் 15 லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமை. ஏ.ஆரில் விபத்து எப்படி நடந்ததாக எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லியிருப்பார். டூட்டி டாக்டர் அதையே எழுதியிருப்பார். பல வழக்குகள் சறுக்குவது அந்த ஒரு வரியில்தான். 'தானாக விழுந்தவருக்கு எங்கள் கார் ஏன் பணம் தர வேண்டும்?' என்று இன்ஷூரன்ஸ் வக்கீல் கேட்பார். அப்படி இருந்தால் எஃப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கை, நேரில் பார்த்தவர் சாட்சியம் ஆகியவற்றால்தான் ஈடுகட்ட வேண்டும். ஹெல்மெட் போடவில்லை என்றால் அதையும் கிளப்பித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில், விபத்து நடந்த ஊரிலோ நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் கெடு ஆறு மாதம். உங்களுக்குப் பாதி கழிந்துவிட்டது. ஊனச் சான்று வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனுவை இப்போதே போடுங்கள். மூளை தேறுவது தேறி நிலைமை ஓரளவு நின்ற பிறகு, விசாரணையின்போது சான்றைக் கொடுக்கலாம்.

பணம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். மாத வருமானம் 20,000 என வைப்போம். சுயதொழில், 40 வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40% சேர்த்து 28,000. ஆண்டுக்கு 3,36,000. இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 31-35 வயதுக்கு அந்தப் பெருக்கெண் 16, ஆக 53,76,000. ஊனச் சான்றில் 20% என்று வந்து, அதை அப்படியே எடுத்தால் 10,75,200. ஆனால் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல் ஊன சதவீதம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் குறைவது வேறு என்றது. மெயினை அணைக்க மறக்கிறவர், ஏணியில் ஏறினால் தலைசுற்றுகிறவர் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்க முடியாது. அந்த இழப்பு 60% என்று நிரூபித்தால் தொகை 32,25,600. மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாள் செலவு, மனுத் தேதியிலிருந்து வட்டி எல்லாம் இதற்கு மேல். நீங்களே வேலைக்குப் போகாமல் அவரைக் கவனித்தாலும் உதவியாள் செலவைக் கேட்கலாம்.

நிரூபிக்க மருத்துவ உளவியலாளரிடம் நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் சோதனைகள் செய்ய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இது உண்டு; அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். சான்றை மட்டும் தாக்கல் செய்தால் போதாது, மதிப்பிட்ட டாக்டர் சாட்சி சொல்ல வேண்டும். வருமானத்துக்கு ஜிபே வரவுகள், பாங்க் ஸ்டேட்மென்ட், வேலை கொடுத்த கான்ட்ராக்டரின் கடிதம். நீங்களும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். 'கோபப்படுகிறார்' என்று அல்ல. 'கேஸ் கசிந்தது, பக்கத்திலேயே இருந்தும் அவருக்குத் தெரியவில்லை' என்று.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து "கிடைப்பதில் 30 சதவீதம் கொடுங்கள்" என்று பேரம் பேசுபவரை நம்பாதீர்கள். இழப்பீட்டில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை. வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

இதற்கிடையே தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ அன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அடிபட்டுப் பல வாரம் கழித்தும் மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லச் சேர்வது உண்டு.