ஆப்பிரிக்க ஐரிஸ் இலை இலையாகத் தழைக்கிறது, பூக்கவில்லை. என்ன வகை என்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

பூ முடிந்த தண்டுகளை அடியோடு வெட்டினீர்களா என்று முதலில் யோசியுங்கள். வெட்டலாமா கூடாதா என்பது வகையைப் பொறுத்தது. அதனால் வகையிலிருந்தே தொடங்குவோம்.

இது உண்மையான ஐரிஸ் அல்ல. அதே குடும்பத்தின் டயட்டீஸ் என்ற பேரினம். ஒரு பூவைப் பிரித்தாலே தெரியும்: ஐரிஸில் இதழ்களின் அடி ஒட்டிக் குழாயாக இருக்கும், டயட்டீஸில் ஆறு இதழும் அடிவரை தனித்தனி. பூத்தண்டே இலை மாதிரித் தட்டையாக இருந்து, நுனியில் குட்டிச்செடி விட்டுச் சாய்ந்தால் அது நியோமரிக்கா. நர்சரிகளில் இரண்டும் எளிதில் குழம்பும்.

தோட்டங்களில் அதிகம் காணப்படுபவை மூன்று. வெளிர்மஞ்சள் பூ, மூன்று இதழில் மட்டும் கருஞ்சிவப்புப் பொட்டு, ஒடுங்கிய வெளிர்பச்சை இலை என்றால் பைகலர். வெள்ளைப் பூவில் மஞ்சள் தீற்றல், நடுவில் ஊதா நிறத்தில் மூன்று சிறு கிளைகள் என்றால் மற்ற இரண்டில் ஒன்று. பூ சிறிதாக, ஒரே நாளில் வாடினால் இரிடியாய்டிஸ். பெரிதாக, மூன்று நாள் நின்றால் கிராண்டிஃப்ளோரா. இதன் செடியும் ஒரு மீட்டரைத் தாண்டும்.

இனி கத்தரிக்கோல் விஷயம். வெள்ளைப் பூ வகைகள் இரண்டிலும் தண்டு ஒரு பருவத்தோடு முடிவதில்லை. காய்ந்த பூவுறைக்குப் பக்கத்திலேயே சில வாரம் கழித்து அடுத்த மொட்டு வரும். அடுத்த ஆண்டும் வரும். 'அசிங்கமாக இருக்கிறது' என்று வெட்டினால் வரவிருந்த பூவை வெட்டுகிறீர்கள். காயை மட்டும் கிள்ளுங்கள். விட்டுவைத்தால் பாரத்தில் தண்டு தரையில் சாய்ந்து, விதை கொட்டி, வேண்டாத இடமெல்லாம் முளைக்கும். தண்டு முழுக்கப் பழுப்பாகக் காய்ந்த பிறகு எடுக்கலாம். பைகலர் இதற்கு விலக்கு: அதன் தண்டு பூத்து ஓய்ந்ததும் அடியோடு வெட்டலாம்.

வெட்டவே இல்லை, ஆனாலும் பூ இல்லை என்றால் வெயிலைப் பாருங்கள். பாதி நிழலிலும் செடி செழிப்பாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். பூவுக்கு தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். யூரியா போன்ற தழைச்சத்து உரம் போட்டாலும் இலைதான் பெருகும். ஆண்டுக்கு ஒருமுறை தூரைச் சுற்றி மட்கிய தொழு உரம் ஒரு கூடை போதும்.

தூர் நெருங்கி நடுப்பகுதி செத்துப்போவது இன்னொரு காரணம். பூ ஓய்ந்த பிறகு, கடும் வெயில் இல்லாத நாளில் பிரித்து நடுங்கள். கையால் பிரியாது. தூரைச் சுற்றி மண்வெட்டியால் வெட்டிக் கிளப்பி, பழைய ரம்பத்தால் அறுப்பதே சுலபம். ஒவ்வொரு துண்டிலும் விசிறி போன்ற இலைக்கொத்து குறைந்தது மூன்று இருக்கட்டும். ஒற்றைக் கொத்தும் பிழைக்கும், ஆனால் பூக்க நாளாகும். இலையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுங்கள், வேர் குறைந்த செடி தண்ணீர் இழக்காமல் இருக்கும். கிழங்கை மூடும் மண் இரண்டு விரல் உயரத்தைத் தாண்டவேண்டாம். ஆழமாக நட்டு நீரும் தேங்கினால் அழுகிவிடும். இடைவெளி 60 செ.மீ. புது வேர் பிடிக்கும்வரை வாரம் இருமுறை தண்ணீர். பிறகு வறட்சியைத் தாங்கும். பிரித்த செடி முதல் ஆண்டு பூக்காமல் இருப்பது சகஜம், அதற்காக மறுபடி தோண்டாதீர்கள்.

பழுப்பு இலைகளை வேலிச்செடி வெட்டுவதுபோல் மட்டமாக வெட்டுவது பெரிய தப்பு. வெட்டிய நுனி திரும்பக் கூராகாது. காய்ந்த விளிம்போடு பல மாதம் நிற்கும். பழைய இலையை ஒவ்வொன்றாக அடியோடு பிடித்து உருவி எடுங்கள்.